ஒரு விரல் இடைவெளி

அந்தப் பரிசோதனைக்கூடத்தில், உப்புக் கரைசல் நிரப்பிய பிளாஸ்டிக் தலை ஒன்று உண்டு. புதிய செல்போனை அதன் வலக்காதில் வைத்து, உள்ளே எவ்வளவு கதிர்வீச்சு இறங்குகிறது என்று அளப்பார்கள். அன்று வந்த போன் அனுமதித்த வரம்பைத் தாண்டியது.

"ஒரு விரல் தள்ளி மாட்டுங்கம்மா, பாஸாயிடும்," என்றார் மேலாளர்.

"யாரு சார் ஒரு விரல் தள்ளிப் பிடிச்சுப் பேசுறா?" அளப்பவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எம்பொண்ணு காதுல ஒட்ட வச்சுக்கிட்டேதான் தூங்குறா."

"போன் கூடவர்ற புத்தகத்துல தள்ளிப் பிடிக்கணும்னு போட்டிருக்கு. படிக்காதது அவங்க தப்பு. வேலை வேணுமா, வேணாமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளி மாட்டினாள். கருவி அளந்து முடிக்கும்வரை இருவரும் வெளியே நின்றார்கள். ஆறு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது போன் காதோடு ஒட்டியிருந்தது.

"மாட்டக்கூடத் தெரியல."

மேலாளர் தானே மாட்டித் திருகாணியை முறுக்கினார். கதவைத் திறந்தபோது மறுபடியும் ஒட்டியிருந்தது. போனும் திருகாணியும் வைத்த இடத்திலேயே இருந்தன. தலைதான் சாய்ந்திருந்தது.

"வெறும் தண்ணி சார் உள்ள. அதுக்கு இருக்கிற சொரணை நமக்கு இல்ல."

"கழுத்து லூசு. புதுசு எடுக்கிறேன்."

அவர் கிடங்குக்குள் போனார். முத்திரை பிரிக்காத பெட்டி ஒன்றைத் திறந்தார். அதற்குள் இருந்த தலையும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அடுத்ததும் அப்படியே.

அவள் வரம்பைத் தாண்டிய எண்ணையே சான்றிதழில் எழுதிக் கையெழுத்திட்டாள். அவர் ஏழாவது பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார்.