யோகோஹாமாவில் வாங்கிய பேனா

“சாமியார்ட்ட நீங்க சொல்லுதீயளா, இல்ல நானே போயி ஓலைய நிறுத்தச் சொல்லட்டா?”

ஆக்னஸ் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் கணவர் பர்னபாஸ் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு நிப்பை அலசிக்கொண்டிருந்தார். கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன துறைமுகத்தில் எல்லாம் மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கியபோது இவர் மைப்பேனா வாங்கினார். வீட்டில் ஓர் அலமாரி முழுக்கப் பேனாவும் மைக்குப்பியும் வழுவழுப்பான காகிதமும்தான்.

முந்தின நாள் மாலை தூத்துக்குடிப் பேனாப் பிரியர்கள் அவர் வீட்டில் கூடியிருந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு வக்கீல், உப்பள முதலாளி ஒருவர், இப்படி எல்லாம் பெரிய மனிதர்கள். அடுத்தவர் பேனாவைக் கேட்டு வாங்கி, தன் பெயரையே திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்து, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து ரசிப்பார்கள். வெளியாள் பார்த்தால் இவர்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பான்.

பர்னபாஸ் யோகோஹாமாவில் வாங்கிய கறுப்புப் பேனாதான் அன்றைக்கு ராஜா. அது எல்லார் கைக்கும் போய் வந்தது. சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் கிளம்பிய பிறகு பேனாப் பெட்டியைத் திறந்தால், அந்தப் பேனாவை மட்டும் காணோம்.

கடைசியாகக் கிளம்பியவன் அனிஷ். இவர்கள் மகள் ஏஞ்சலினுக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை. அவனும் கப்பல்காரன்தான், செகண்ட் ஆபீசர். வருகிற ஞாயிறு கோயிலில் அவர்களுடைய கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். அதை நிறுத்தச் சொல்லிச் சாமியாரிடம் போங்கள் என்பதுதான் காலையிலிருந்து ஆக்னஸின் பேச்சு.

பையனைத் தனக்கும் பிடித்துத்தான் இருந்தது என்றாள். சீலா மீனை வறுத்து வறுத்து அவன் இலையில் வைத்ததும் தான்தான் என்றாள். ஆனால் இன்றைக்குப் பேனாவை எடுத்தவன் நாளைக்கு எதை எடுப்பானோ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏஞ்சலின் அறையிலிருந்து செல்போனோடு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அனிஷிடம் நேரடியாகவே கேட்டுவிடுகிறேன் என்றாள்.

பர்னபாஸ் ஈரக் கையை உயர்த்தித் தடுத்தார். “கேக்காதம்மா. எடுக்காதவன்ட்ட போயி எடுத்தியான்னு கேட்டுட்டா, அந்தக் கேள்வி கல்யாணத்துக்குப் பொறவும் வீட்டுக்குள்ள கெடக்கும்.”

“அப்ப எப்பிடிப்பா தெரியும்?”

“தானா தெரியும். நீ கவலப்படாத.”

நடுக்கடலில் இன்ஜின் நின்றபோதும் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தவர் என்று பர்னபாஸுக்குக் கப்பலில் பெயர் உண்டு. காலையிலும் அவர் நிதானமாக நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, வந்துபோன அத்தனை பேருக்கும் போன் போட்டார். பேனா காணாமல் போனதைப் பற்றி மூச்சுவிடவில்லை. வந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, யோகோஹாமா எப்படி எழுதியது என்று மட்டும் கேட்டார். அருமையாக வழுக்கிக்கொண்டு போனது, நிறுத்தவே மனசில்லை என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். அனிஷும் அதையேதான் சொன்னான்.

அந்தப் போன்கள்தான் ஆக்னஸுக்கு வயிற்றெரிச்சல். திருடியவனிடமே குசலம் விசாரிக்கிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பொரிந்து தள்ளினாள். மகள் வாழ்க்கையைவிடப் பேனா எப்படி எழுதியது என்பதுதான் பெரிதாகிவிட்டதா என்று கேட்டாள்.

“நல்லா எழுதுச்சாம்லா, நல்லா! ரெண்டு வரிக்கு மேல எழுதாம நின்னு போற பேனாவுக்கு இந்தப் பாடு.”

பர்னபாஸ் நிப்பைத் துணியில் ஒற்றி மேசைமேல் வைத்தார். அப்பாவுக்கு ஒரு காப்பி போட்டுக் கொண்டு வா என்று ஏஞ்சலினை அடுக்களைக்கு அனுப்பினார். அவள் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“ஏளா ஆக்னஸ், அந்தப் பேனாவுக்குப் பின்பக்கம் சின்னதா ஒரு திருகு உண்டு. அத மூடிட்டா மை கீழ எறங்காது. ரெண்டு வரி எழுதும், அப்புறம் நின்னுரும். நேத்து எல்லாரும் எழுதி முடிச்ச பொறவு, நான்தான் அத மூடிப் பெட்டியில வச்சேன். மூடுனத யார்ட்டயும் சொல்லல. அப்ப ரெண்டு வரியில நிக்கும்னு யாருக்குத் தெரியும்? பெட்டியில இருந்து எடுத்தவுகளுக்குத்தான்.”

ஆக்னஸ் உள்ளே போய்த் தையல் மெஷின் டிராயரிலிருந்து அந்தக் கறுப்புப் பேனாவை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

தன் கணக்கு தப்பவில்லை என்ற பெருமை பர்னபாஸ் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. ஓலையை ஞாயிற்றுக்கிழமை வாசிக்கட்டும் என்றார். பிறகுதான் கோபம் வந்தது.

“ஒரு நல்ல பையனத் திருடனாக்கப் பாத்தியே, அவன் என்னளா செஞ்சான் ஒனக்கு?”

“அவன் ஒண்ணும் செய்யல. கப்பலுக்குப் போறான், அம்புட்டுதான்” என்றாள் ஆக்னஸ். “இந்தப் பேனாவ நீங்க யோகோஹாமாவுல எழுதிப் பாத்து வாங்குன அன்னைக்கு, நான் இங்கன ஆஸ்பத்திரியில ஒத்தையில கெடந்து ஏஞ்சலினப் பெத்தேன். எம்மவளுக்கு இப்பிடி ஒரு அலமாரி வேண்டாங்க.”