மூன்றாவது புள்ளி

புள்ளி திரையில் வந்ததும் எத்திராஜ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

சாம்பல் பின்னணியில் கறுப்பாக, பென்சில் முனையைவிடச் சிறியதாக.

இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் இதே புள்ளியை அளந்தவர் அவர். வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, உள்ளே தெரியும் குறுக்கிழையை மயிரளவு மயிரளவாக நகர்த்தி, புள்ளியின் நடுவில் நிறுத்தி, எண்ணைப் படித்து, நோட்டில் எழுதினார்.

மூன்று இரவுகள். மூன்று தகடுகள்.

ஒரு சின்னக் கல். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்கூட்டத்தின் வெளி ஓரத்தில் ஒன்று. அதைக் கண்டுபிடித்தவர் ஆராய்ச்சியாளர் பத்மாசனி. அப்போது அவர் மலைமேல் உள்ள இந்த வானாய்வகத்துக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

முதல் இரண்டு புள்ளிகளும் கல்லின் பாதையில் பொருந்தின. மூன்றாவது பொருந்தவில்லை. மறு வருடம் கணக்குச் சொன்ன இடத்தில் தேடினார்கள்.

கல் அங்கே இல்லை.

‘அளவீட்டுப் பிழை’ என்று அறிக்கை எழுதினார்கள். கீழே எத்திராஜ் கையெழுத்துப் போட்டார். அளவை அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டோருக்கு மாற்றினார்கள். பல்பு, கயிறு, பினாயில்.

கேன்டீனில் ஒரு பெயரும் கிடைத்தது. கல்லைத் தொலைத்தவர்.

மூன்று முறை கண் பரிசோதனை செய்துகொண்டார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

அது இன்னும் மோசமாக இருந்தது.

போன மாதம் வேறு நாட்டில் யாரோ ஒரு கல்லைப் பிடித்தார்கள். அதன் பாதையைப் பின்னோக்கி ஓட்டினால், நான்கு சுற்றுக்கு முன்னால், இந்த மலைக்கு வந்து நின்றது. அதே கல். முதல் இரண்டு இரவும் சரி. மூன்றாவது மட்டும் இடித்தது.

பத்மாசனி போன் செய்தார். பழைய தகட்டை இப்போது இயந்திரமே அளக்கும். வருகிறீர்களா?

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

“உக்காருங்க எத்திராஜ்.”

“இருக்கட்டும் மேடம்.”

இயந்திரம் எண்ணைக் காட்டியது.

பத்மாசனி பழைய நோட்டைத் திறந்தார். எத்திராஜின் கையெழுத்து. திரைக்கும் நோட்டுக்குமாக ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார்த்தார்.

சரி.

சரி.

சரி.

கடைசி இலக்கம் மட்டும் ஒன்று குறைவு.

“இந்த ஒண்ணு கணக்கே இல்ல,” என்றார் பத்மாசனி. “மெஷின் அளந்ததும் நீங்க அளந்ததும் ஒண்ணுதான்.”

எத்திராஜ் உட்கார்ந்தார்.

“அப்போ எதுதான் தப்பு?” பத்மாசனி தன்னையே கேட்டுக்கொண்டு இரவுப் பதிவேட்டை இழுத்தார். படம் எடுத்த நேரம் அதில்தான் இருக்கும். கிரீன்விச் நேரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்.

“மொத நாள் பதினேழு அஞ்சு. ரெண்டாம் நாள் பதினேழு பன்னெண்டு. மூணாம் நாள் இருபத்திரண்டு அம்பது.”

எத்திராஜ் மனதுக்குள் ஐந்தரையைக் கூட்டினார்.

“விடியக்காலம் நாலு இருவதா? அன்னிக்குப் பன்னெண்டு மணிக்கெல்லாம் மழ புடிச்சுக்கிச்சே மேடம். நான்தான கூரைய மூடனேன்.”



பத்மாசனி பதிவேட்டின் அந்தப் பக்கத்திலேயே கண்ணை வைத்திருந்தார். அந்த நேரத்தை எழுதியது தன் கைதான்.

“கரண்ட் போய் வந்தது அன்னிக்கு,” என்றார் மெதுவாக. “கிரீன்விச் நேரம் காட்டற ரூம் கடிகாரம் நின்னுபோச்சு. என் வாட்ச்சப் பாத்தேன். ராத்திரி பத்து அம்பது. அஞ்சரையக் கழிக்காம, இருபத்திரண்டு அம்பதுன்னு அப்படியே எழுதிட்டேன்.”

ஐந்தரையைக் கழித்துக் கணினியில் போட்டார். பதினேழு இருபது.

மூன்றாவது புள்ளி நகர்ந்து கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மைனா கத்திக்கொண்டிருந்தது. அது எவ்வளவு நேரமாகக் கத்துகிறது என்று தெரியவில்லை.

எத்திராஜுக்குப் பசித்தது. இரண்டு நாளாகச் சாப்பிடாதவனைப் போலப் பசித்தது.

பத்மாசனி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“உங்க கண்ணு இல்ல எத்திராஜ். நான்தான். எழுதித் தரேன். எல்லாருக்கும் அனுப்பறேன்.”

பரவாயில்லை என்ற சொல் எத்திராஜின் வாய் வரை வந்தது. அவர் சொல்லவில்லை.

“எழுதுங்க மேடம். கேன்டீன்லயும் ஒரு காப்பி ஒட்டச் சொல்லுங்க.”

பத்மாசனி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்திராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக அவருக்கு அது ஒரு பிழை. கல்லாக ஒருநாளும் நினைத்ததில்லை.

“இப்ப எங்க இருக்கும் அது?”

“இப்பவா?” பத்மாசனி தட்டிப் பார்த்தார். வானத்தில் கல் இருக்கும் இடத்தைச் சொல்லும் இரண்டு எண்கள் வந்தன. எத்திராஜ் குனிந்து படித்துக்கொண்டார். “மேலதான் இருக்கு. மேற்கால.”

வெளியே வந்தார்கள். மணி பதினொன்று. வெயில் தரையிலிருந்து எழும்பி அடித்தது. பத்மாசனி தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வானத்தில் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார்.

நீலம். ஒரு மேகம்கூட இல்லை.

எத்திராஜ் புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அவசரப்படாமல், வெகுநேரம் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் வடக்க மேடம்.”

பத்மாசனி கையை நகர்த்தினார்.