முதுகில் நிலாக்கள்

அவரைப்பந்தலில் ஒரு பொறிவண்டு இரை தேடி இலை இலையாக ஏறிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு பூதக்கண்ணாடி அதன் மேல் குனிந்தது.

"அடடா! உன்னை மாதிரி ஒருத்தரை இதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லை. நீ புது இனம். கறுத்த முதுகு, அதில் மஞ்சள் மஞ்சளாகக் குட்டி நிலாக்கள்!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனது.

வண்டுக்குப் பசியே மறந்துபோயிற்று. கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தது. முதுகு தெரிந்தால்தானே! நிலா என்ற சொல் மட்டும் உள்ளுக்குள் மிதந்துகொண்டே இருந்தது. உச்சி வெயில்கூடப் பால்போலத் தெரிந்தது.

அடுத்த இலையில் ஒரு செடிப்பேன் தன் குஞ்சுகுளுவான்களோடு சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தது. வண்டைக் கண்டதும் எல்லாம் நடுங்கிப்போயின.

"பயப்படாதே. நான் எப்படி இருக்கேன்னு மட்டும் சொல்லு," என்று வண்டு கெஞ்சியது.

"உங்க வாய் நல்லாத் தெரியுங்க," என்றது செடிப்பேன். "தாடை கொஞ்சம் கோணல்."

"முதுகு?"

"அதைப் பார்க்கிற வரைக்கும் எங்கள்ல யாரும் உயிரோட இருந்ததில்லைங்களே."

வண்டுக்கு மனசு என்னவோ செய்தது. "ஐயோ பாவம்!" என்று மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. "அவசரமே இல்லை. நிதானமாப் பார்த்துச் சொல்லு."

பின்னால் ஒரு பேச்சும் எழவில்லை. மலைத்துப்போய் நிற்கிறார்கள் என்று நினைத்து வண்டு கிறங்கிப்போயிற்று. அந்த இலையிலிருந்து கீழே புல்லில் மட்டும் பொட்டுப் பொட்டென்று குட்டி குட்டியாக ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது, தூறல் மாதிரி.