கதவுக்குள் ஒட்டிய கடிதம்

காலமான அப்பாவின் வீட்டில், காகிதத் தள்ளுகதவை உரித்துக்கொண்டிருந்த மிசாவோ திடீரென்று சிரித்தாள். அருங்காட்சியகத்தில் பழைய காகிதங்களைச் செப்பனிடுவதுதான் அவள் வேலை.

“என்ன சிரிப்பு?” என்றபடி கணவன் செய்கோ தண்ணீர் வாளியை வைத்தான்.

“கதவுக்கு உள்தாளா அப்பா பழைய காகிதமா ஒட்டியிருக்காரு. அதுல ஒரு காதல் கடிதம். எனக்குங்க!”

செய்கோவின் முகம் தொங்கிப்போனது. “எவன் எழுதினான்?”

“ஒரு அசடு.”

“அவனுக்காவது பதில் போட்டியா? கல்யாணத்துக்கு முன்னாடி நான் எழுதினதுக்கு இருபத்தாறு வருஷமா பதிலே காணோம்.”

“இப்பத்தானே என் கைக்கு வருது! கேளுங்க: ‘காகிதம் செய்ய ஆற்றில் பட்டை நாரை அலசும்போது குளிரில் உன் மூக்கு சிவந்துபோகிறது. ஓடி வந்து துடைத்துவிடத் தோன்றுகிறது.’”

செய்கோவின் காது சிவந்தது. அவன் எழுதிய வரி அது!

“உங்கப்பாவா மறைச்சாரு? அவருக்கு என்னைப் பிடிக்கவே இல்லையா?”

“பொண்ணைப் பிரிய மனசில்லாம மறைச்சிருப்பாரு. ஆனா இதைப் பாருங்க. மத்த தாளெல்லாம் கெட்டிப் பசை, தொட்டா கிழியுது. இதுக்கு மட்டும் ஓரத்துல நீர்த்த பசை. பின்னால ஒருத்தர் முழுசா பிரிச்செடுக்கணும்னு நினைச்சாத்தான் அருங்காட்சியகத்துல நாங்க அப்படி ஒட்டுவோம்.”

செய்கோ கடிதத்தையே பார்த்தான். “அப்போ, என் பதில்?”

மிசாவோ ஈரக் கைகளைக் காட்டினாள்.

“மூக்கு சிவந்திருக்கு. துடைச்சு விடுங்க.”