தூதரின் கை

இந்த நாடு அங்கீகரிக்காத அரசுகளின் கொடியைப் பொது இடத்தில் காட்டுவது போன மாதத்திலிருந்து குற்றம். அப்படியோர் அரசின் தூதராக முப்பது வருடம் இங்கே இருந்தவர், பொதுமண்டபத்தில் பெட்டிக்குள் கிடந்தார். கழுத்துவரை அந்தக் கொடி.

“பெட்டிய மூடிட்டா ஒண்ணுமில்லம்மா. தொறந்து வைக்கணும்னா கொடிய எடுத்துடுங்க,” என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி.

“எம் பொண்ணு ஏர்போர்ட்லேர்ந்து வந்துட்டிருக்கா சார். அப்பா முகத்தப் பாக்கணும்னு சொன்னா,” என்றாள் தூதரின் மனைவி அமுதவல்லி.



அவள் கொடியை இழுத்தாள். வரவில்லை. விடியற்காலை ஆஸ்பத்திரியில் தூதர் அதைக் கேட்டு வாங்கியிருந்தார்; மூச்சு நிற்கும்போது அதன் முனையைப் பற்றிய கை இன்னும் விடவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது.

அமுதவல்லி சுண்டுவிரலிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.