எட்டாத விரல்

வீட்டுச் சுவரில் அழகுக்கு மாட்டத்தான் என்று சொல்லி, அந்தப் பழைய பட்டாளத் துப்பாக்கியை ஒருவர் தச்சர் ஞானமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் போனார். துப்பாக்கியின் மரக்கட்டை மேல் ஈரத்துணி விரித்து சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் மரத்தில் விழுந்திருந்த குழிகள் மேலெழும்பிச் சமமாயின. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசினார். தோளில் பதியும் பின்பக்கத்தில் நாலு விரற்கடையை எவனோ அறுத்து எடுத்திருந்தான். மனசு பொறுக்காமல், அதே நிறத்து மரத்தை ஒட்டிப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்தார்.

திரும்பி வந்தவர் கட்டையைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

“யாரு உங்கள நீட்டச் சொன்னது?”

“அறுத்து வச்சிருந்தாங்க சார். பாக்க அசிங்கமா இருந்துச்சு.”

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஞானமுத்துவின் மகள் எஸ்தர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வந்தவர் அவளை அன்பாகக் கூப்பிட்டு, அவள் முதுகுப் பையை இறக்கிவைத்துவிட்டு, துப்பாக்கியை அவள் தோளில் சாய்த்தார். கையை நீட்டச் சொன்னார். விரல் விசைக்கு எட்டவில்லை.

“பாத்தீங்களா?”

ஞானமுத்துவின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, ஒட்டிய இடத்தில் கோடு போட்டார்.

“இங்க அறுங்க. மத்த துப்பாக்கியெல்லாம் வண்டியில இருக்கு, எறக்கச் சொல்றேன். பாப்பா இங்கயே நிக்கட்டும், அளவுக்கு வேணும்.”