முப்பதில் நின்ற முள்

கஹவத்தையில் ரேடியோ திருத்தும் ஜவ்பர், யோகராஜின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயருக்குப் புதிய பவர் சப்ளை கட்டி முடித்திருந்தார். பழையதில் கைபட்டுத்தான் யோகராஜ் போன மாசியில் செத்துப்போனார். பிள்ளைகள் அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று அழுதார்கள். ஆபத்தில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்த யோகராஜின் மனைவி கிருஷ்ணகுமாரி இன்று கடைக்கு வந்திருந்தாள்.

"எவ்வளவு கரண்ட் இழுத்தாலும் முந்நூறு வோல்ட் குறையாது, தங்கச்சி. இழுக்குற அளவ இந்த முள்ளு மில்லிஆம்பியர்ல காட்டும். இப்ப ஒண்டும் மாட்டல்ல, சைபர்லதான் நிக்கும்."

சுவிட்சைப் போட்டார். முள் முப்பதுக்கு ஏறி நின்றது. பவர் சப்ளையிலிருந்து வெளியே வரும் இரண்டு வயர்களும் மேசையில் தனித்தனியாகக் கிடந்தன. வேறு மீட்டரை மாற்றிப் பார்த்தார். அதுவும் முப்பது.

"ஜவ்பர் நானா, அப்ப யாரு இழுக்குறது?"

விளக்கும் பழக்கத்தில் ஜவ்பர் யோசிக்காமல் சொன்னார்: "ஒரு ஆள் ரெண்டு கையாலயும் புடிச்சா இவ்வளவு இழுக்கும். கை இறுகிரும், இறுக இறுக இன்னும் கூட இழுக்கும். விட நினைச்சாலும் ஏலாது."

சொன்னதும் பிளக்கைப் பிடுங்கினார். பத்து வினாடியில் வோல்ட் காட்டும் முள் சைபருக்கு இறங்கியது. கரண்ட் காட்டும் முள் முப்பதிலேயே நின்றது.

கிருஷ்ணகுமாரி வயர்களின் பக்கம் குனிந்தாள்.

"விட்டுருங்க. புள்ளைகள நான் பாத்துக்கிறேன்."

முள் மெதுவாக நாற்பதுக்கு ஏறியது.